மேட்டில் மட்டும் திணறும் எஞ்சின்

நின்றுகொண்டிருக்கும் கார் ஒன்றின் எஞ்சின் சீராக ஓடுகிறது. சமதளச் சாலையில் மெதுவாகச் சென்றாலும் குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போதோ, முன்னே செல்லும் லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ வண்டி குலுங்குகிறது. வேகம் எடுக்க மறுக்கிறது. ஏற்றம் முடிந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஒழுங்காக ஓடுகிறது. பட்டறைகளில் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் கார்களில் இது அடிக்கடி காணப்படும் குறை. வேலை குறைவாக இருக்கும்போது மறைந்திருந்து, வேலை மிகும்போது மட்டும் இது வெளிப்படுவது ஏன்? இதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பார்ப்போம்.

நொடிக்கு நூறு பொறிகள்

நான்கு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிய வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு சிலிண்டரில் நொடிக்கு 25 முறை, நான்கிலும் சேர்த்து 100 முறை!

இப்படி எரிவதற்கு மூன்று தேவைகள் உண்டு. காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவையைப் பிஸ்டன் நன்றாக அமுக்க வேண்டும். சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி பறக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டரில் கலவை எரியாது. அப்போது மற்ற மூன்று சிலிண்டர்களும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். நாம் உணரும் குலுக்கல் இதனால் ஏற்படுவதே.

டர்போவின் பங்கு

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வாயுவில் இன்னும் ஆற்றல் மீதியிருக்கிறது. டர்போசார்ஜரில் இவ்வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியவை! சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் என்ற இரு கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன.

எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றுக்குழாயின் அடைப்பான் பெரும்பாலும் மூடியிருக்கும். அப்போது உள்ளே செல்லும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மேடு ஏறும்போது டர்போ இதை வெளிக்காற்றைப்போல் இரு மடங்காக்கக் கூடும். அதாவது ஆறு மடங்கு உயர்வு! பிஸ்டன் இதை மேலும் பல மடங்கு அமுக்குகிறது. இந்த நெரிசலான வாயுவின் ஊடேதான் பொறி பாய வேண்டும்.

பாஷன் கண்ட விதி

வாயுவின் ஊடே பொறி பாய எவ்வளவு மின்அழுத்தம் வேண்டும்? ஜெர்மன் இயற்பியலறிஞர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் இதற்கு விடை கண்டார். வாயுவின் அழுத்தம், இரு மின்முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகையைப் பொறுத்து அது அமையும். எஞ்சினில் நிலவும் நிலைமைகளில் இப்பெருக்குத்தொகை கூடக்கூட, தேவையான மின்அழுத்தமும் கூடும்.

புதிரின் விடை இங்கேதான் இருக்கிறது. சும்மா ஓடும்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 10,000 வோல்ட் போதும் என்றால், மேட்டில் 30,000 வோல்ட் வரை வேண்டியிருக்கும். பாட்டரியின் 12 வோல்ட்டை இந்த அளவுக்கு உயர்த்துவது இக்னிஷன் காயில். காயில் பலவீனமாயிருந்தால் 10,000 வோல்ட்டைத் தரும். 30,000 வோல்ட்டைத் தராது. பிளக்கின் பீங்கானில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், மின்சாரம் நெரிசலான இடைவெளியைத் தாண்டாமல் வெடிப்பின் வழியே ஓடிவிடும். பிளக்கின் முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலும் இதே தொல்லைதான். டர்போ எஞ்சின்களில் பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைப்பதும் இதனாலேயே.

எந்தச் சிலிண்டர்?

இக்காலக் கார்களில் இதைச் சொல்ல ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. எஞ்சினின் சுழல்தண்டோடு ஒரு பற்சக்கரம் சுழலும். அதன் பற்கள் ஓர் உணர்கருவியைக் கடக்கும் நேரத்தைக் கணிப்பொறி அளந்துகொண்டே இருக்கும். ஒரு சிலிண்டர் தவறியதும் தண்டின் வேகம் சற்றுக் குறையும். பற்கள் கடக்கும் நேரம் நீளும். அக்கணத்தில் எரிந்திருக்க வேண்டிய சிலிண்டர் எது என்பது கணிப்பொறிக்குத் தெரியும். உடனே அது ஒரு குறியீட்டைப் பதிவுசெய்யும். பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டர் தவறுகிறது. பி0300 என்றால் குறை ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இத்தகைய ஏற்பாடு கட்டாயமாயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குறியீடு இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

மாற்றிப் பார்க்கும் சோதனை

மூன்றாம் சிலிண்டரின் காயிலையும் முதல் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றுகிறார்கள். வேறு எதையும் தொடுவதில்லை. குறியீட்டை அழித்துவிட்டு அதே மேட்டில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இப்போது பி0301 என்று வந்தால், குறை காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, குற்றவாளி காயில்தான். மீண்டும் பி0303 என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்குகளை மாற்றிப் பார்க்கிறார்கள். அதன் பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை. அப்போதும் குறை நகராவிட்டால், சிலிண்டருக்குள் அமுக்கம் சரியாக உள்ளதா என்று மானியால் அளக்கிறார்கள். ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால் வால்வு, பிஸ்டன் வளையம் முதலியவற்றில் கசிவு இருக்கலாம்.

பி0300 வந்தாலோ, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவானவற்றைத் தேட வேண்டும். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி டர்போவுக்கு முன்னால் இருந்தால், அது அளந்த காற்றின் ஒரு பகுதி வழியிலேயே வெளியேறிவிடும். கணிப்பொறியோ முழுக் காற்றுக்கும் உரிய பெட்ரோலை ஊற்றும். குழாய்க்குள் புகையைச் செலுத்தினால், புகை கசியும் இடம் கிழிசலைக் காட்டிக்கொடுக்கும்.

‘இவ்வளவு சிரமம் எதற்கு? புதிய பிளக் போட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. இது சிக்கவைக்கும் பொறி! புதிய பிளக்கின் குறுகிய இடைவெளியைப் பலவீனமான காயிலும் தாண்டிவிடும். குறை தீர்ந்ததாகத் தோன்றும். பிளக் சற்றுத் தேய்ந்ததும் திரும்பி வரும்.

அதற்குள் வேறொரு சேதமும் நேரலாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றிக்குள் சென்று அங்கே எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு அது. வெப்பம் மிகுந்தால் அந்தத் தேன்கூடு உருகிப் பாழாகும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்த அபாயம் நெருங்குகிறது என்று பொருள். உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடும்போது காயிலைக் கையால் கழற்றிப் பார்ப்பதும் கூடாது. அங்கே இருப்பது பல்லாயிரம் வோல்ட்.

பள்ளிச் சோதனைச்சாலையில் ஆசிரியர் கூறுவது நினைவிருக்கிறதா? ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை அப்படியே வை. காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றியவர் குறையைத் தீர்த்திருக்கலாம். ஆனால் எது கெட்டது என்பதை அவரால் கூற முடியாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவரால் முடியும். கெடாத பொருளுக்கு அவர் காசு கொடுப்பதும் இல்லை.