ஆய்விதழ் வெளியீட்டு நெறிமுறைகள்

ஆய்விதழ் வெளியீட்டு நெறிமுறைகள் என்பவை ஆய்வுக் கட்டுரைகளை எழுதுவோர், மதிப்பாய்வு செய்வோர், பதிப்பாசிரியர், வெளியீட்டாளர் ஆகியோர் கடைப்பிடிக்க வேண்டிய நேர்மை விதிகள் ஆகும். ஓர் ஆய்வின் முடிவை நம்பியே அடுத்த ஆய்வு தொடங்குகிறது. மருத்துவர் சிகிச்சை முறையைத் தேர்வதும் அதை நம்பியே. எனவே ஒரு கட்டுரையில் உள்ள பொய் அக்கட்டுரையோடு நின்றுவிடுவதில்லை.

வரலாறு

1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் கூடிக் கட்டுரை அமைப்புக்கான பொது விதிகளை வகுத்தனர். இக்குழுவே பின்னர் பன்னாட்டு மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர் குழுவாக வளர்ந்தது. 1997இல் பிரித்தானியாவில் 'கோப்' எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழு தோன்றியது. இன்று பல துறை இதழ்கள் இதன் வழிகாட்டுதலைப் பின்பற்றுகின்றன.

கட்டுரையாசிரியரின் கடமைகள்

* செய்யாத சோதனைக்குத் தரவு புனைதலும், கிடைத்த தரவைத் திரித்தலும் கூடாது.
* பிறர் எழுத்தையோ கருத்தையோ மேற்கோள் காட்டாமல் எடுத்தாளுதல் கருத்துத் திருட்டு ஆகும்.
* ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.
* ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும், முடிவால் தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தையும் வெளிப்படையாகக் கூற வேண்டும்.
* ஆய்வில் உண்மையாகப் பங்களித்து, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் ஈடுபட்டு, இறுதி வடிவத்தை ஏற்று, அதற்குப் பொறுப்பும் ஏற்பவரே ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பது தவறு. பொறுப்பேற்க இயலாததால் செயற்கை நுண்ணறிவுக் கருவியையும் ஆசிரியராகக் குறிப்பிட முடியாது.

மதிப்பாய்வாளர் தமக்கு வந்த கட்டுரையை இரகசியமாக வைத்திருக்க வேண்டும். அதிலுள்ள கருத்தைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது.

நெறி தவறியதன் விளைவு: ஓர் எடுத்துக்காட்டு

1998இல் 'தி லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 பேரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 12 குழந்தைகளை மட்டுமே ஆராய்ந்த அக்கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் மதியிறுக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞர் தரப்பிடம் வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004இல் வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டு, இணை ஆசிரியர்களில் 10 பேர் கட்டுரையின் விளக்கத்திலிருந்து விலகினர். 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட 12 ஆண்டுகளில் பெற்றோர் பலர் அஞ்சித் தம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடவில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 92 விழுக்காடாக இருந்த தடுப்பூசி அளவு 80 விழுக்காட்டளவுக்குக் குறைந்தது. தட்டம்மை மீண்டும் பரவியது.

இந்தியாவில்

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. இதன்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை எனில் ஆறு மாதங்களுக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை எனில் ஓராண்டு வரை திருத்திய ஏட்டை அளிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும்.

போலி இதழ்கள்

மதிப்பாய்வு ஏதுமின்றிப் பணம் பெற்றுக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்களும் உள்ளன. சில நாள்களில் வெளியிடுவதாக உறுதி கூறுதல், கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்காமை, ஒப்புதல் பெறாமல் அறிஞர்களின் பெயரைப் பதிப்புக் குழுவில் சேர்த்தல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். கட்டணம் பெறுவதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. மதிப்பாய்வு உண்மையில் நடக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

திரும்பப் பெறுதல்

பெரும் பிழையோ மோசடியோ தெரியவந்தால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. வழக்கமாக அது அழிக்கப்படாமல், 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்புடன் பேணப்படும். தம் பிழையைத் தாமே கண்டறிந்து கட்டுரையைத் திரும்பப் பெறும் ஆசிரியர்களும் உள்ளனர். அது இழிவன்று, நேர்மையின் அடையாளமே. மாணவர்கள் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் முன் அதில் இக்குறிப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்வது நல்லது.