வானூர்தி எரிபொருள் திட்டமிடல்

வானூர்தி எரிபொருள் திட்டமிடல் என்பது வணிகப் பறப்பு ஒன்றுக்குத் தேவையான எரிபொருள், மசகெண்ணெய் ஆகியவற்றின் அளவைப் புறப்படும் முன்பே கணிப்பதாகும். தரையோட்டம், பயணம், எதிர்பாராத் தேவை, மாற்று நிலையம் செல்லுதல், இறுதி இருப்பு ஆகியவற்றுக்கான எரிபொருள் தனித்தனியே கணக்கிடப்படும். தாரை வானூர்திகளின் இறுதி இருப்பு, நிலையத்திற்கு மேலே 1500 அடி உயரத்தில் 30 நிமிடங்கள் வட்டமிடப் போதுமானதாக இருத்தல் வேண்டும். தேவைக்கு மிகையாக நிரப்பினால் எடை கூடும். அவ்வெடையைச் சுமக்கவே எரிபொருளின் ஒரு பகுதி செலவாகும். மசகெண்ணெய் பொறியில் சிறிது சிறிதாகவே குறைவதால், மணிக்குக் குறையும் அளவைக் கொண்டு கணிக்கப்படுகிறது.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையால் சென்னை வானூர்தி நிலையம் மூடப்பட்டபோது, அங்கு வரவிருந்த பல வானூர்திகள் பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்டன. இத்தகைய வேளைகளுக்காகவே மாற்று நிலைய எரிபொருள் ஒதுக்கப்படுகிறது.