எண்களின் வழியே – 11: பிரிண்டருக்குக் கிடைத்த 43

1.3.6.1.2.1.43.10.2.1.4.1.1

அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரிடம் இந்த எண்வரிசையை அனுப்பினால், தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்று பதில் வரும். ஹெச்.பி., கேனான், கியோசெரா என்று எந்த கம்பெனி மெஷினாக இருந்தாலும் கேள்வி இதுதான். மெஷினை வாடகைக்கு எடுத்த பல அலுவலகங்களில் இப்போது மீட்டர் பார்க்க ஆள் வருவதில்லை, ஆனாலும் மாதக் கடைசியில் பில் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கை எடுத்துக்கொடுப்பவை பெரும்பாலும் இதுபோன்ற எண்கள்தான்.

போன வாரம் எஸ்.என்.எம்.பி. என்ற நெட்வொர்க் மேலாண்மை நெறிமுறையைப் பார்த்தோம். அது பெயர் சொல்லிக் கேட்பதில்லை, எண் சொல்லித்தான் கேட்கும். மேலே உள்ள வரிசையில் ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் ஒரு கிளை பிரிகிறது. 1 என்பது சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 3, அது அங்கீகரித்த அமைப்புகள். 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அதன் கீழே 1, இன்டர்நெட்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 1988 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1065 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்தக் கிளையை வரையறுத்தபோது, பாதுகாப்புத் துறை தன் 6-ஐ எப்படிப் பங்கிடப்போகிறது என்று சொல்லியிருக்கவே இல்லை. முதல் கிளை இன்டர்நெட் சமூகத்துக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறோம் என ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். உலகத்து ரவுட்டர்களும் ஸ்விட்சுகளும் பிரிண்டர்களும் இன்றைக்கும் அந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்தால் எத்தனை வருடம் போயிருக்குமோ!

அதற்குப் பின் 2.1 என்பது பொதுத் தரங்களுக்கான கிளை. 43, பிரிண்டர். 10, தாளில் அச்சைப் பதிக்கும் பகுதி. 2.1.4, அதன் ஆயுள்காலப் பக்கக் கணக்கு. கடைசியில் வரும் இரண்டு 1-களும் எந்தச் சாதனம், அதில் எத்தனையாவது அச்சுப் பகுதி என்பதைக் குறிப்பவை.

இந்த 43 வருமுன் ஒவ்வொரு கம்பெனியும் 1.3.6.1.4.1 என்ற தனியார் கிளையில் தனக்கென ஓர் எண் வாங்கி, அதன் கீழே இஷ்டப்படி எழுதிக்கொண்டது. ஹெச்.பி.க்கு 11, ஜெராக்ஸுக்கு 253, லெக்ஸ்மார்க்குக்கு 641, எப்சனுக்கு 1248. முதலில் கேட்டவருக்கு முதல் எண், காசு கிடையாது. ஆனால் நான்கு கம்பெனி பிரிண்டர் உள்ள அலுவலகத்தில் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்க வேண்டியிருந்தது. 1995 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1759 வந்து, எல்லோருக்கும் பொதுவான கேள்விகளை 43-இன் கீழே கொண்டுவந்தது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கலரில் எத்தனை, கறுப்பில் எத்தனை என்று பிரித்துக் கேட்க 43-இல் நேரடி எண் இல்லாததால், அதற்கு இன்றும் கம்பெனிக் கிளைக்குத்தான் போகிறார்கள்.

இந்தத் தரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் டோனர் அளவு. 43.11.1.1.8 முழுக் கொள்ளளவைச் சொல்லும், 43.11.1.1.9 இப்போது இருப்பதைச் சொல்லும். வகுத்தால் சதவீதம். ஆனால் விலை குறைந்த பிரிண்டரில் டோனரை அளக்க சென்சார் இருக்காது. அது என்ன பதில் சொல்லும்? அதற்காகவே -2, -3 என்று இரண்டு எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். -2 என்றால் தெரியாது. -3 என்றால் கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று சொல்ல முடியாது. அளக்க முடியாத மெஷினையும் பொய் சொல்ல வைக்காத ஏற்பாடு இது. கண்காணிப்பு மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் -3-ஐயும் வகுத்துவிட்டால், திரையில் மைனஸ் சதவீதம் வந்து நிற்கும். தீர்ந்துபோகும் பொருளா, நிரம்பும் பாத்திரமா என்று கேட்கவும் தனி எண் உண்டு. வேஸ்ட் டோனர் பெட்டி நிரம்பினால்தானே பிரச்சினை!

43-க்குள் இதுபோல நிறையப் பட்டியல்கள். பேப்பர் ஜாம் ஆனால் 8, ட்ரேயில் தாள் தீர்ந்தால் 808, டோனர் தீர்ந்தால் 1101. 1995-இல் இவற்றைத் தரத்துக்குள்ளேயே எழுதிவைத்ததுதான் சிக்கலானது. புதிதாகச் சேரும் எண்கள் தர ஆவணத்தில் இடம்பெற வேண்டுமானால் அதைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டும். அந்தத் திருத்தம் ஆர்.எஃப்.சி. 3805 ஆக வெளிவந்தது 2004 ஜூனில். ஒன்பது வருடம்! இடையில், 1999-இல், அச்சு வேலைகளைக் கண்காணிக்கும் எண்கள் பொதுக்கிளையில் சேராமல், பிரிண்டர் கம்பெனிகளின் கூட்டுக் குழு தனக்கென வாங்கியிருந்த 2699-இன் கீழே வெளிவந்தன.

2004-இல் செய்த மாற்றம் சாதாரணமானதல்ல. பட்டியல்களைத் தரத்திலிருந்து பிரித்து, இன்டர்நெட் எண்களைப் பதிவு செய்யும் ஐயானாவிடம் ஒப்படைத்தார்கள். தரம் அப்படியே இருக்கும், பட்டியல் மட்டும் வளரும். ஒரு நிபந்தனை உண்டு: கொடுத்த எண்ணுக்குப் பின்னாளில் வேறு பொருள் தரக்கூடாது. காலாவதியானாலும் எண் அங்கேயே கிடக்கும். இதில் அவர்கள் காட்டிய கண்டிப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஏதோ ஒரு கோர்ட் வராந்தாவில் பதினைந்து வருடமாக ஓடும் பிரிண்டருக்கு அதன் பழைய மென்பொருளோடு சரி, புதிய பட்டியல் போய்ச் சேராது. நாளைக்கு 8-க்குப் பொருள் மாறினால், அது ஜாம் ஆகி நிற்கும்போது கண்காணிப்பவர் திரையில் வேறு எதையோ சொல்லும்.

ஐயானா என்பது பல காலம் ஜான் போஸ்டல் என்ற ஒரே மனிதர்தான் என்று சொன்னால் தப்பில்லை. எண்களை ஒதுக்கித்தர ஒருவர் வேண்டும், அதை நானே செய்யட்டுமா என்ற தொனியில் அவர் 1972 மே மாதம் ஆர்.எஃப்.சி. 349-ஐ எழுதினார். 1998 அக்டோபரில் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பிரிண்டருக்காகத் தொடங்கிய ஒரு பட்டியலில் தமிழும் இருக்கிறது. தன் திரையில் எந்த எழுத்துக் குறியீட்டுமுறையில் செய்தி காட்டுகிறது என்று பிரிண்டர் சொல்ல வேண்டுமே! அதற்காக அந்தக் குறியீட்டுமுறைகளுக்கும் எண் கொடுத்தார்கள். யூ.டி.எஃப்.-8-க்கு 106. தர அமைப்புகள் வகுத்தவை ஆயிரத்துக்குள் வரும், யூனிகோட் சார்ந்தவை பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து, மற்றவை இரண்டாயிரத்திலிருந்து. யூனிகோட் பரவும் முன் இணையத்தில் நாம் மடல் எழுதப் பயன்படுத்திய திஸ்கி, 2007-இல் இங்கே பதிவாகி 2107 என்ற எண்ணைப் பெற்றது. பிரிண்டர்களைத் தாண்டி மற்ற மென்பொருள்களும் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டன. க்யூட்டி என்ற நிரல் நூலகத்தின் முந்தைய பதிப்புகளில் 2107 என்று எண்ணைச் சொல்லியே திஸ்கி மாற்றியைக் கேட்டு வாங்கலாம். பழைய மடற்குழுச் சேமிப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் இருப்பவர்கள் இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)