தனிமனைக்கு எத்தனை தடைகள்!

இறகு முளைத்த பறவை கூடு விட்டுப் பறத்தல் இயற்கை. மனிதருக்கோ இறகு மட்டும் போதாது. வாடகைப் பணமும் வேண்டும்!

புத்தளம் மாவட்டத்தின் தென்கரையிலுள்ள வென்னப்புவையைச் 'சின்ன இத்தாலி' என்பர். இத்தாலியில் உழைத்தோர் அனுப்பிய பணத்தில் அங்கே எழுந்த மாடிவீடுகள் பல. வீடு கட்டும் ஆசையில் நம்மவர் நாடும் அந்நாட்டின் இளைஞரே தனிமனை காணாது தவிக்கின்றனர் என்றால் வியப்பன்றோ?

2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் இளைஞர் பெற்றோர் இல்லம் நீங்கும் சராசரி வயது 26, இத்தாலியில் 30, குரோவேசியாவில் ஏறக்குறைய 32, பின்லாந்திலோ 21 மட்டுமே. பின்லாந்தில் மாணவரின் வாடகைக்கும் அரசு கைகொடுக்கிறது. இத்தாலியிலோ இளைஞர் பலருக்குக் கிட்டுவது தற்காலிக வேலை. நிலையற்ற ஊதியத்தை வங்கியும் நம்பாது, வீட்டுக்காரரும் நம்பார். ஆகவே, திருமணமும் மகப்பேறும் தள்ளிப்போகின்றன.

பெற்றோருடன் வாழ்தல் இழுக்கன்று. ஆயினும், விரும்பி இருத்தல் வேறு; வழியின்றி இருத்தல் வேறு.

இருக்கும் வீட்டை ஈடுவைத்து, இன்னொரு வீட்டுக்காகப் பிள்ளையைக் கடல்கடந்து அனுப்ப எண்ணும் பெற்றோரே, சற்றுச் சிந்தியுங்கள்: அந்நாட்டு மைந்தருக்கே எட்டாத வாடகை நம் பிள்ளைக்கு எளிதில் எட்டுமோ?