தேவாலா தங்கமும் நம்ம ஐ.பி.ஓ. கனவும்!

‘மச்சி, நம்ம கம்பெனியும் ஒருநாள் ஐ.பி.ஓ. போகும்டா!’ - ஹாஸ்டல் மொட்டை மாடியில் இந்த டயலாக் பேசாத இன்ஜினீயரிங் பசங்க உண்டா? இன்னொரு கோஷ்டி, செமஸ்டர் ஃபீஸுக்கு அப்பா அனுப்பின பணத்தையே ஐ.பி.ஓ-வில் போட ரெடியா நிக்குது. ரெண்டு கோஷ்டியும் ஒரு நிமிஷம் தேவாலா வரைக்கும் வாங்க பாஸ்!

கூடலூரிலிருந்து பந்தலூர் போற வழியில், தேயிலையும் மழையுமா இருக்கே... அதே தேவாலாதான். 1870-களில் இந்தப் பக்கம் காபித் தோட்டங்கள் நோய் தாக்கி நொடிச்சுப்போச்சு. ஆனா, பாறைக்குள்ளே தங்கம் இருக்குன்னு ஒரு பேச்சு. ஆஸ்திரேலிய சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித் அரசாங்கத்துக்காக ஆராய்ந்து நம்பிக்கையா ரிப்போர்ட் தர, லண்டனுக்கே ஜுரம் பிடிச்சது. 1879 கடைசியில் ஆரம்பிச்சு 1881-க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். அறிவிச்ச மூலதனம் 40 லட்சம் பவுண்டுக்கும் மேல்! பந்தலூரில் ஹோட்டல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் முளைச்சது.

தங்கம் இருந்தது பொய்யில்லை. ஆனா, பாறையை உடைச்சு எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படி ஆகலை. அதோட, பங்கு வித்த பணத்தில் பெரும்பகுதி, படுத்துப்போன தோட்டங்களைக் கொள்ளை விலைக்கு வித்தவங்க பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. சில வருஷத்திலேயே கம்பெனிகள் வரிசையா மூடுவிழா கண்டன. நஷ்டம்? பங்கு வாங்கின ஜனங்களுக்கு!

அப்போ பொதுமக்கள் பணம் வாங்குறதே தப்பா? இல்லை. அதே 1880-ல் லண்டனில் ஆரம்பிச்ச மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியும் கோலாரில் முதலில் தடுமாறியது. விடாமல் தோண்டினாங்க, தங்கம் கிடைச்சது. கோலார் சுரங்கம் 2001 வரை ஓடியது.

இன்னிக்கு செபியிடம் தர்ற விண்ணப்ப அறிக்கையில் ரெண்டு வார்த்தையைத் தேடுங்க. ‘ஃப்ரெஷ் இஷ்யூ’ன்னா பணம் கம்பெனிக்கு. ‘ஆஃபர் ஃபார் சேல்’னா, ஏற்கெனவே பங்கு வெச்சிருக்கிறவங்களுக்கு. ரெண்டாவது குற்றமில்லை. ஆனா, எது எவ்வளவுன்னு தெரியாமல் ஃபீஸ் பணத்தைப் போட்டா, தப்பு நம்மளுது!

கம்பெனி ஆரம்பிக்கப்போற பார்ட்டிகளே, உங்களுக்கும்தான். 2010-ல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் நாஸ்டாக்கில் இறங்கி 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் முன்னே வேலை பார்த்த ஸோஹோவோ, 1996-ல் தொடங்கியும் பங்குச் சந்தைப் பக்கமே போகலை. லாபத்தை வெச்சே வளர்ந்தது. சந்தைக்குப் போனா பெரிய பணம் வரும். கூடவே மூணு மாசத்துக்கு ஒருமுறை கணக்கு காட்டணும். எது வேணும்னு முடிவு பண்ணிட்டு கிளம்புங்க.

தேவாலா பக்கம் பழைய சுரங்க வாய்கள் இன்னும் இருக்கு. உள்ளே போயிடாதீங்க, ஆபத்து! வெளியே நின்னு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கங்க: ‘பணம் சுரங்கத்துக்குப் போகுதா, பாக்கெட்டுக்குப் போகுதா?’