களிமண்ணில் புல்தரையா? மணலை நம்பாதீங்க

வீட்டு முன்னால அருகம்புல் தரை போடணும், மண்ணோ களி. ரெண்டு லோடு மணல் அடிக்கலாமா? இப்படித்தான் பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். கொஞ்சமாக மணல் கலந்தால் அதன் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும். பலன் தெரியணும்னா பாதிக்கு மேல் மணலாகவே இருக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம் (பழைய வங்கிக்காரன் கணக்கு இது).

களியைப் பொலபொலப்பாக்குவது மட்குதான். மலிவான வழி தக்கைப்பூண்டு. சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிட்டு, மூன்று வாரம் மட்க விடுங்கள். பிறகு நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு அங்குலம் பரப்பிக் கொத்துங்கள். மட்காத சாணியைப் போட்டால் புல்லுக்கு முன்னே களைதான் முளைக்கும்.

ஜிப்சம் களர் மண்ணுக்கு உதவும்; எல்லாக் களிக்கும் அல்ல. மண் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வாங்குங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் பதம். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்துங்க. உதிர்ந்தால் கொத்தலாம். பிசுபிசுன்னு ஒட்டினால் மண்வெட்டியைத் தொடாதீங்க, உள்ளே நடக்கவும் வேண்டாம். ஈரக் களியை மிதித்தால் காற்றுப் போகும் வழியெல்லாம் அடைபட்டுப் போகும். மழைத்தண்ணீர் வடிய, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக லேசான சரிவு கொடுத்த பிறகு அருகந்தண்டை அரையடி இடைவெளியில் ஊன்றலாம்.