நிலத்துக்கு இழப்பீடு, நீர் குடித்தவருக்கு?

நொய்யல் கரையோர ஊர்களில் குழாயில் வருவது நல்ல தண்ணி. கிணற்றிலும் ஆழ்குழாயிலும் கிடைப்பது உப்புத் தண்ணி. குழாய் வராத நாளில் எதைக் குடிப்பது என்பதை வீட்டு வருமானமே முடிவு செய்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற ஏராளமாக உப்பு சேர்க்கிறார்கள். திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. ஈரோடு, கரூர் மாவட்டப் பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 2004-இல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது. கழிவைத் தடுக்காத பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

விவசாயிகளின் போராட்டம் நியாயமானது. ஆனால் இழப்பீடு நிலப் பரப்பை வைத்துக் கணக்கிடப்பட்டது. அந்த நிலங்களில் களையெடுத்து, பாத்தி கட்டிய அருந்ததியர் உள்ளிட்ட நம் மக்களில் பெரும்பாலோருக்குப் பட்டா இல்லை. ஒரு காலத்தில் தோட்டத்துக் கிணற்றில் நாம் இறங்கக் கூடாது. யாராவது இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு நின்றோம். கிணறு கெட்டபோது வேலையையும் குடிநீரையும் சேர்த்து இழந்தோம். அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை.

வீட்டில் வடிகட்டி வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். துணியில் வடித்தால் தூசி போகும். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும், உரத்தாலும் சாணக் குழியாலும் சேரும் நைட்ரேட்டும் போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி அவற்றின் அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்கு நைட்ரேட் ஆபத்தானது. இவற்றைக் குறைப்பது ஆர்.ஓ. கருவி. அதற்கு விலை, மின்சாரம், அவ்வப்போது மாற்றும் சவ்வு என்று செலவு உண்டு. உள்ளே போகும் நீரில் பெரும்பங்கு கழிவாக வெளியேறும். தினக்கூலி வீட்டுக்கு இது தீர்வல்ல.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை இருக்கலாம். நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். காலனிக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்வோம். அளவு மீறினால், ஊராட்சி செலவில் காலனிக்குள்ளேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கேட்போம்.

1927 மார்ச் 20-இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்தார். மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபைக்கு நாம் ஆளுக்கொரு பாட்டிலில் நம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோவோம்.